கொட்டாங்குச்சிக் கரியும் கைடின் கையெழுத்தும்

சென்னையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், பல்கலைக்கழகம், துறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 33. பொருள் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குத் தீசிஸ் கொடுத்துவிட்டார். இன்னும் ஏழு வாரத்தில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கொட்டாங்குச்சிக் கரியோடு ஓர் உலோக உப்பைக் கலந்து, இரண்டு கட்டமாகச் சூடாக்கி, மிக மெல்லிய கார்பன் தகடுகளான கிராஃபீனும் மிக நுண்ணிய கார்பன் குழாய்களான நானோகுழாய்களும் கலந்த ஒரு கறுப்புத் தூளை எடுத்திருக்கிறார். பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்த்தாலே மின்சாரம் கடத்துகிறதாம். கார்பன் பிளாக் என்னும் வழக்கமான கரித்தூள் என்றால் பதினைந்து, இருபது பங்கு தேவைப்படும். எட்டு மாதத்துக்கு முன் கோயம்புத்தூரில் நடந்த மாநாட்டில் இதைப் போஸ்டராக வைத்திருக்கிறார். அதைப் பார்த்த ஓர் ஐரோப்பிய நிறுவனம் ஐந்து கிலோ சாம்பிள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளாஸ்டிக்கை உருக்கி மற்றப் பொருள்களோடு கலக்கும் காம்பவுண்டிங் யூனிட் நடத்தும் சின்ன மாமனார் 40 லட்சம் போடத் தயார். ஆனால் 51 சதவீதப் பங்கு வேண்டும், "இப்போதும் இனிமேலும் வரும் கண்டுபிடிப்புகள் எல்லாம் கம்பெனிக்கே" என்று எழுதியும் தர வேண்டும்.

அவர் கேட்பது இது: "ராத்திரியெல்லாம் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றது நான். கைடு மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். 'அந்த உப்பை மாற்றிப் பாரேன்' என்று ஒரு நாள் சொன்னதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அவருக்குச் சொல்லாமல் என் பேரில் பேடன்ட் போட்டு, கம்பெனியும் ஆரம்பித்து, சாம்பிளை அனுப்பிவிடலாமா? இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிடலாமா? உலகச் சந்தை பல பில்லியன் டாலர் என்கிறார்கள். வெறும் கரிதானே, பாதுகாப்புச் சிக்கல் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்."

அன்புள்ள வாசகிக்கு,

வேதியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவன் நான். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை வக்கீலாக. இரண்டு பங்கில் மின்சாரம் கடத்துவது நிஜமாகவே நல்ல விஷயம். ஆனால் இரண்டாம் தடவை படிக்கும்போது என் பென்சில் ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான்: "உப்பை மாற்றிப் பாரேன்."

உப்பை மாற்றிய பிறகுதானே நானோகுழாய்கள் வர ஆரம்பித்தன? கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

யார் கண்டுபிடிப்பாளர்?

பேடன்ட் சட்டம் உழைத்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கண்டுபிடிப்பின் மூளை யாருடையது என்றுதான் கேட்கும். நீங்கள் ஃபர்னஸ் பக்கத்தில் நின்ற மூவாயிரம் மணி நேரமும் அவர் சொன்ன ஒரு வாக்கியமும் ஒரே தராசில் ஏறலாம். அந்த வாக்கியத்தால்தான் பொருள் உருவானது என்றால் அவரும் கண்டுபிடிப்பாளரே. மறுபக்கமும் உண்டு. கைடு என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பெயரைச் சேர்க்க வேண்டியதில்லை. துறைத் தலைவருக்கு மரியாதை செய்வதற்குக் கட்டுரையின் நன்றியுரை இருக்கிறது. பேடன்ட் படிவம் அதற்கான இடம் கிடையாது.

அவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் விண்ணப்பித்தால் என்ன ஆகும்? 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவில், 'இன்னொருவரிடமிருந்து முறைகேடாகப் பெறப்பட்டது' என்பதுதான் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான முதல் காரணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. பேடன்ட் கிடைத்த பிறகும் அதை ரத்து செய்யக் கேட்கலாம். கைடு வழக்குப் போடுவாரா மாட்டாரா என்பது இரண்டாம் பட்சம். நாளைக்கு உங்களிடம் பணம் போட வரும் எந்த முதலீட்டாளரின் வக்கீலும் முதலில் கேட்கப்போகும் காகிதம், கண்டுபிடிப்பாளர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றுப் பத்திரம். அதில் ஒரு கையெழுத்து குறைந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் பல்கலைக்கழகம். இந்தியாவில் ஊழியரோ ஆய்வு மாணவரோ செய்த கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று பேடன்ட் சட்டம் நேரடியாகச் சொல்வதில்லை. நீங்கள் கையெழுத்திட்ட காகிதங்கள்தான் சொல்லும். ஆய்வுக்குப் பதிவு செய்த அன்றைக்கு நீட்டிய படிவங்களில் எதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்காது. யாருக்குமே நினைவிருக்காது. பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை, உங்கள் ஃபெல்லோஷிப் நிபந்தனைகள், கைடின் திட்டத்துக்கு நிதி தந்த அரசுத் துறையின் கடிதம் ஆகிய மூன்றையும் தேடி எடுங்கள். பெரும்பாலும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும், வருமானத்தில் ஒரு பங்கு கண்டுபிடிப்பாளர்களுக்கும் என்றுதான் இருக்கும்.

இதைக் கேட்டதும் உங்களுக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். பேடன்ட் பல்கலைக்கழகத்தின் பேரில் இருப்பது உங்களுக்கு நல்லதாகவே முடியலாம். நீங்களும் கைடும் தனிநபர்களாகக் கூட்டாக வைத்திருந்தால், 50 ஆம் பிரிவின்படி ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் யாருக்கும் லைசென்ஸ் கொடுக்க முடியாது. ஒருநாள் மனஸ்தாபம் வந்தால் அத்தனையும் முடங்கும். பல்கலைக்கழகம் உரிமையாளராக இருந்து உங்கள் கம்பெனிக்குத் தனி லைசென்ஸ் கொடுத்தால் உங்களுக்குப் பேச்சுவார்த்தை ஒரே ஒரு அலுவலகத்தோடுதான். அந்த லைசென்ஸில் முக்கியமாகக் கேட்க வேண்டியது இது: ஸ்கேல்-அப் செய்து பெரிய அளவில் தயாரிக்கும்போது நீங்கள் உங்கள் சொந்தச் செலவில் கண்டுபிடிக்கும் மேம்பாடுகள் கம்பெனிக்கே சேர வேண்டும். முன்பணத்தைக் குறைத்து ராயல்டியாக மாற்றுவதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

போஸ்டர், வைவா, ஏழு வாரம்

நீங்கள் கவலைப்படாத ஒன்றுக்கு நான் கவலைப்படுகிறேன். அது அந்தக் கோயம்புத்தூர் போஸ்டர்.

வெளியில் சொன்ன பிறகு போட்ட பேடன்ட் நிற்காது என்பது பொது விதி. நம் சட்டத்தின் 31 ஆம் பிரிவில் ஒரு சின்ன சன்னல் உண்டு. கற்றறிந்தோர் சங்கத்தின் முன் கண்டுபிடிப்பாளர் கட்டுரை வாசித்தாலோ, அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் அவர் சம்மதத்தோடு வந்தாலோ, 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். போஸ்டர் ஒட்டுவது 'வாசிப்பது' ஆகுமா, ஒரு கல்லூரி நடத்தும் மாநாடு 'கற்றறிந்தோர் சங்கம்' ஆகுமா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். அந்த வாதத்தை நம்பி வீடு கட்டாதீர்கள். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் கொஞ்சம் தாராளமானது. ஐரோப்பாவில், உங்கள் நிலைமையில் இருப்பவருக்கு, அவகாசமே இல்லை.

ஆகவே போஸ்டரில் என்ன எழுதினீர்கள் என்பதுதான் கேள்வி. 'கொட்டாங்குச்சியிலிருந்து எடுத்த நானோ கார்பன், இரண்டு பங்கில் இவ்வளவு மின்தடை' என்று முடிவை மட்டும் போட்டிருந்தால், செய்முறைக்கு ஐரோப்பாவிலும் உயிர் இருக்கலாம். உப்பின் பெயர், வெப்பநிலை, நேரம் மூன்றையும் அழகாகப் பாய்வுப் படம் போட்டுக் காட்டியிருந்தால் அங்கே அநேகமாகப் போய்விட்டது. அப்படியானால் ஐரோப்பிய பேடன்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்த ஆபத்து வைவா. வைவா பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பட்டம் கிடைத்ததும் தீசிஸ், இந்திய ஆய்வேடுகளைப் பொதுவில் வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறிவிடும். அதற்கு முன்பே, அதாவது இந்த ஏழு வாரத்துக்குள், தற்காலிக விவரணத்தோடாவது விண்ணப்பம் போயாக வேண்டும். சென்னையின் பேடன்ட் அலுவலகம் கிண்டியில், ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது. ஆனால் நடக்க வேண்டியதில்லை, இணையத்திலேயே போடலாம். கல்வி நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் ஆரம்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். வக்கீல் கட்டணம் அதைவிட அதிகம், அதை நான் மறைக்கப்போவதில்லை. அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்க வேண்டும், வெளிநாடுகளுக்குப் போவதானால் பல நாடுகளுக்கும் பொதுவான பிசிடி விண்ணப்பமும் அதே 12 மாதத்துக்குள்.

ஒரு எச்சரிக்கை. 'ஐரோப்பிய நிறுவனமே அங்கே பேடன்ட் போட்டு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகாமலோ, முன் அனுமதி வாங்காமலோ வெளிநாட்டில் விண்ணப்பித்தால் 39 ஆம் பிரிவை மீறியதாகும். அதற்கு இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

'புதிய பொருள்' என்ற சொல்

கார்பன் புதிய பொருள் என்று பேடன்ட் அலுவலரிடம் சொன்னால் அவர் 3(டி) பிரிவை எடுத்து மேசைமேல் வைப்பார். தெரிந்த பொருளின் புதிய வடிவம், செயல்திறன் கூடாவிட்டால், கண்டுபிடிப்பு ஆகாது. அதன் விளக்கவுரையில் 'துகள் அளவு' என்ற சொல்லே நேராக இருக்கிறது. கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்தின் விண்ணப்பம் 2006 இல் இதே சென்னை அலுவலகத்தில்தான் நிராகரிக்கப்பட்டது. 2013 இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் 3(டி)யைத் தாண்ட முடியவில்லை. தெரிந்த செய்முறையை வெறுமனே பயன்படுத்துவதும் அதே பிரிவில் அடிபடும், புதிய பொருள் வந்தாலோ புதிய வினைபொருள் ஒன்றாவது சேர்ந்தாலோ தவிர. பாருங்கள், கைடு சொன்ன உப்பு மறுபடியும் வந்து நிற்கிறது. உங்கள் பேடன்டைத் தாங்கப்போகும் தூணே அதுவாக இருக்கலாம்.

ஆகவே உங்கள் தூளைக் கார்பன் பிளாக்கோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. கடையில் கிடைக்கும் நானோகுழாயோடும் கிராஃபீனோடும் பக்கத்தில் வைத்து அளந்த எண்கள் வேண்டும். வைவாவுக்கு முன் ஃபர்னஸ் உங்கள் கையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

கொட்டாங்குச்சியில் இன்னொரு கண்ணி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. இந்திய உயிரியல் வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்பு என்றால் உயிரியல் பன்மைச் சட்டம் வந்து சேரும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இந்தியர்கள் பேடன்ட் வழங்கப்படும் முன் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், வணிகமாக்கும்போது ஒப்புதலும் வாங்க வேண்டும். கடையில் மூட்டையாக விற்கும் கரிக்கு இது பொருந்துமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஆணையம் தரமணியில்தான் இருக்கிறது, எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கரியை எந்த ஊரில், யாரிடம் வாங்கினீர்கள் என்ற பில்லையும் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பத்தில் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

நீங்கள் இணைத்திருந்த முதலீட்டாளர் விளக்கக்காட்சியின் முதல் பக்கத்தில் கீழடி பானை ஓடு. ரசித்தேன். அந்த ஓடுகளின் உட்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020 இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டது உண்மைதான். ஆனால் 'நம் முன்னோர் அறிந்த நுட்பம்' என்று நீங்களே பெரிய எழுத்தில் போட்டால், பாரம்பரிய அறிவு பேடன்ட் ஆகாது என்னும் 3(p) பிரிவை எதிராளியிடம் நீங்களே எடுத்துக் கொடுப்பதுபோல் ஆகும். பானையை வீட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பில்லியன் டாலர் சந்தை

இந்தச் சொல்லை நம்பி ஏமாந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 2010 இல் லெவர்குசனில் வருடத்துக்கு 200 டன் நானோகுழாய் செய்யக்கூடிய ஆலையைத் திறந்தது. 2013 இல் அந்த வேலையையே நிறுத்திவிட்டது. பொருளில் குறையில்லை, பயன்கள் துண்டு துண்டாக இருந்தன, பெரிய அளவில் வாங்க ஆள் இல்லை. அதற்கு நேர் எதிர் கதை ஹைபீரியன் என்ற அமெரிக்க நிறுவனம். 1980களிலேயே, நானோகுழாய் என்ற பெயரே பரவாத காலத்தில், இதே மாதிரி நுண்ணிழைகளுக்குப் பேடன்ட் வாங்கி, காரின் பெட்ரோல் குழாயில் நிலைமின்சாரம் சேராமலிருக்கப் பிளாஸ்டிக்கில் கலந்து விற்றது. அதிசயப் பொருள் என்று யாரும் வாங்கவில்லை. குழாயில் தீப்பொறி வரக்கூடாது, குழாய் உடையவும் கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கு நானோகுழாயை டன் கணக்கில் வாங்குவது லித்தியம் பேட்டரிக்காரர்கள். அவர்களும் தூளாக வாங்குவதைவிடப் பேஸ்ட்டாக வாங்குவதையே விரும்புகிறார்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மின்கடத்தும் கார்பன் பிளாக் கிலோ 300 ரூபாய், பிளாஸ்டிக் கிலோ 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு கிலோவில் 18 கிலோ கார்பன் பிளாக் போட்டால் செலவு 5,400. உங்கள் தூள் இரண்டு கிலோ போதும். ஆனால் மிச்சமான 16 கிலோ இடத்தைப் பிளாஸ்டிக்கால் நிரப்ப வேண்டும், அது 1,600. மீதி 3,800, அதாவது உங்கள் தூள் கிலோ 1,900 ரூபாய்க்கு மேல் போனால் வாங்குபவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. இப்போது லேபில் கிலோவுக்கு என்ன செலவாகிறது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் எனக்கு எழுதவில்லை. பொருள் இலேசாகும், உடையாது, கறுப்புத் தூள் உதிராது என்று காட்டினால் கூடுதல் விலை கேட்கலாம். அதைக் காட்டுவதற்குத்தான் அடுத்த ஒரு வருடம்.

சென்னையில் முதல் வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மின்னணுப் பாகங்களை வைக்கும், நிலைமின்சாரம் சேராத ஆன்டிஸ்டாட்டிக் டிரேக்களைத்தான் நான் யோசிப்பேன். அங்கேயும் ஒரு சிக்கல். அந்த டிரேக்கு நன்றாகக் கடத்தினால் ஆகாது, அளவாகக் கடத்த வேண்டும்: மேற்பரப்புத் தடை சுமார் பத்தாயிரம் ஓமுக்கும் பத்தாயிரம் கோடி ஓமுக்கும் நடுவில். நானோகுழாயோ குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சட்டென்று கடத்த ஆரம்பிக்கும் சுபாவம் உள்ளது. ஒன்றரைப் பங்கில் ஒன்றுமில்லை, இரண்டில் கம்பிபோல் பாய்கிறது என்றால், நடுவில் நிறுத்துவது காம்பவுண்டிங் செய்பவருக்குத் தலைவலி. உங்கள் பெருமையே உங்கள் தொல்லையாகக்கூடிய இடம் இது.

ஐந்து கிலோ சாம்பிள்

ஒரு தடவைக்கு 20 கிராம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து கிலோவுக்கு 250 தடவை. 250 தூளும் ஒரே தூளாக இருக்குமா? 2018 இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் 60 நிறுவனங்களின் 'கிராஃபீனை' வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் பத்து சதவீதத்துக்கும் குறைவு, ஒன்றில்கூடப் பாதியைத் தாண்டவில்லை. மீதி பொடித்த கிராஃபைட்தான். அப்படிச் சூடுபட்ட சந்தை இது. வாங்குபவர் உங்கள் சிறந்த அளவீட்டைக் கேட்கமாட்டார், ஐம்பதாவது மூட்டை முதல் மூட்டைபோல் இருக்கிறதா என்றுதான் கேட்பார். கட்டுரைக்கு நாம் நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறோம். விற்பனைக்கு மோசமான மூட்டைதான் நம் தரம்.

ஆகவே நூறு கிராம் அனுப்பினால் போதும், அதுவும் விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு, பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு. பகுத்தாய்ந்து உள்ளே என்ன என்று பார்க்கக் கூடாது, மூன்றாம் ஆளுக்குத் தரக்கூடாது, சோதனை முடிவுகளை நமக்கும் தர வேண்டும், இதை வைத்து அவர்கள் பேடன்ட் போடக்கூடாது. இந்த நான்கும் இருந்தாக வேண்டும். நாளை டன் கணக்கில் போவதானால் ஐரோப்பாவின் ரீச் என்னும் வேதிப்பொருள் விதிகளில் வருடம் ஒரு டன்னிலிருந்து பதிவு உண்டு. 2020 முதல் நானோ வடிவத்துக்குத் தனித் தரவும் கேட்கிறார்கள். அந்தச் செலவை இறக்குமதி செய்பவர் ஏற்பாரா என்பதை விலை பேசும்போதே பேச வேண்டும்.

'வெறும் கரிதானே'

இதில் மட்டும் உங்களோடு கடுமையாக மாறுபடுகிறேன். கல்நாரும் வெறும் கல்தான். நீண்டு விறைப்பான சில நானோகுழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் போன்ற அழற்சியை உண்டாக்கியதை 2008 இலேயே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 2013 இல் பரிந்துரைத்த வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம், எட்டு மணி நேரச் சராசரியாக. கண்ணுக்குத் தெரியும் தூசி பறந்தால் அந்த வரம்பை எப்போதோ தாண்டியாயிற்று என்று அர்த்தம். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு குறிப்பிட்ட வகைப் பல்சுவர்க் குழாயை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் வைத்தது. மற்ற வகைகளுக்குப் போதிய தரவு இல்லை என்றது. தரவு இல்லை என்பதைப் பாதுகாப்பானது என்று படித்துவிடாதீர்கள்.

உங்கள் தூளில் குழாய்களும் இருக்கின்றன. அம்பத்தூர் ஷெட்டில் ஃபேன் சுழல, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒருவர் மூட்டையைக் கொட்டும் காட்சி எனக்குத் தெரிகிறது. நானோவுக்கென்று தனி வரம்பு நம் தொழிற்சாலை விதிகளில் இல்லை என்பதற்காக முதலாளியின் பொறுப்பு போய்விடாது. அந்த முதலாளி நீங்களாகத்தான் இருப்பீர்கள். வழி இருக்கிறது: மூடிய பெட்டிக்குள், வடிகட்டியோடு, ஈரமாகவே கையாண்டு, பிளாஸ்டிக்குக்குள் பூட்டி, மாஸ்டர்பேட்ச் என்னும் செறிவான கலவை மணியாக வெளியே அனுப்புவது. வாங்குபவரும் அதைத்தான் விரும்புவார். ஃபர்னஸ் போடும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். உப்பைக் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று கட்டாயம் கேட்பார்கள்.

சின்ன மாமனார்

அவருடைய 40 லட்சத்தைவிட பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் அவருடைய எக்ஸ்ட்ரூடர் இயந்திரம் உங்களுக்குப் பெரிய சொத்து. காம்பவுண்டிங் தெரிந்த மனிதர், வாங்குபவர்களைத் தெரிந்த மனிதர், வாரத்தில் ஒரு நாள் இயந்திரத்தைக் கொடுத்தால் நீங்கள் ஒரு வருடத்தை மிச்சம் பிடிப்பீர்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இருக்கக்கூடியதை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் இரண்டு பக்கமும் வழக்கு. 51 சதவீதத்தை முதல் நாளே கொடுத்துவிட்டால் அடுத்து வரும் முதலீட்டாளருக்கு உங்களிடம் பேசவே காரணம் இருக்காது.

மாற்று வழி: பிரைவேட் லிமிடெட் பதிந்து, ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வாங்கி, அவர் பணத்தைப் பின்னாளில் பங்காக மாறக்கூடிய கடன் பத்திரமாக வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் ஒரே தவணையில் 25 லட்சமோ அதற்கு மேலோ அப்படி வாங்க விதி இடம் தருகிறது. விலையை இன்றைக்கே நிர்ணயித்துக் குடும்பத்துக்குள் சண்டை போட வேண்டாம். எக்ஸ்ட்ரூடர் வாடகையைத் தனி ஒப்பந்தமாக எழுதுங்கள், அதில் ரகசியக் காப்பும் இருக்கட்டும். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். வக்கீல் சொன்னார் என்று என்மேல் பழியைப் போடுங்கள், அதற்குத்தானே இருக்கிறோம். டான்சீட் போன்ற தமிழக அரசின் உதவியையும், தரமணியிலும் கிண்டியிலும் உள்ள, புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்களையும் கூடவே கேட்டுப் பாருங்கள். அவர் பணம் ஒன்றையே நம்பி நீங்கள் இல்லை என்று தெரிந்தாலே அந்த 51 கொஞ்சம் இறங்கும்.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு என் பதில் சின்னது: ஒரு கிலோவை ஒரே தரத்தில் மூன்று முறை எடுக்கும் வரை விடாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லேப் நோட்டில், உப்பை மாற்றிய அந்தத் தேதியின் பக்கத்தைத் தேடுங்கள். அதை எடுத்துக்கொண்டு கைடைப் போய்ப் பாருங்கள். 'சார், வைவாவுக்கு முன்னாடி இதுக்குப் பேடன்ட் போடணும், நம்ம ரெண்டு பேர் பேரும் வரணும்' என்று நீங்களே ஆரம்பியுங்கள். தன் பெயரைக் கேட்காமலே சேர்க்கும் மாணவிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கோப்பை நகர்த்தித் தர அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். அவர் வேறு மாதிரி நடந்துகொண்டால், பேசிய தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், அப்போது வேறு வழி பார்க்கலாம். போஸ்டரின் கோப்பையும் அந்தக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

ஐரோப்பிய நிறுவனத்துக்கு இன்றைக்கே இரண்டு வரி எழுதிப் போட்டுவிடலாம்: ஆர்வத்துக்கு நன்றி, சாம்பிள் அனுப்புவதற்கான ஒப்பந்தத்தை எங்கள் பல்கலைக்கழகம் தயாரித்துக்கொண்டிருக்கிறது, என்ன சோதனைக்கு, எந்தப் பிளாஸ்டிக்கில் என்று சொன்னால் உதவியாக இருக்கும். என்ன உப்பு என்று கேட்டுப் பதில் வந்தால், அந்த மின்னஞ்சலுக்கு ஏழு வாரம் பதில் போடாதீர்கள்.